ஹெல்மெட் போட்டால்தான் சைக்கிள்

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் என் கணவருக்குத் திடீரென்று என் தலைமேல் அக்கறை வந்தது. எழுபதுகளின் தொடக்கம். துறைமுக வேலை எடுத்திருந்த காண்டிராக்டரிடம் அவர் ஸ்டோர் கிளார்க். நான் மாப்பிள்ளையூரணிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணத்துக்கு முன்னாலேயே நாசரேத்தில் சைக்கிள் பழகியவள். பஸ்ஸை நம்பினால் இரண்டாம் பீரியடுக்குத்தான் போய்ச் சேரலாம். அது கிடக்கட்டும், சைக்கிளில் போகிற அந்த அரைமணி நேரம்தான் ஒரு நாளில் என்னை யாரும் எதற்கும் ஏவாத நேரம். அதை விடுவதற்கு எனக்கென்ன கிறுக்கா?

ஒரு நாள் சாயங்காலம் அவர் ஸ்டோரிலிருந்து மஞ்சள் நிற ஹெல்மெட் ஒன்றோடு வந்தார்.

"சைட்டுல ஒருத்தன் தலையில கல்லு விழுந்துச்சு. இதப் போட்டிருந்ததால தப்பிச்சான். நாளையிலேருந்து நீயும் இதப் போட்டுக்கிட்டுத்தான் சைக்கிள்ல போணும்."

"மாப்பிள்ளையூரணி ரோட்டுல எவன் மேலேருந்து கல்லப் போடுதான்?"

"கீழ விழுந்தா தெரியும். போட்டா சைக்கிள், போடலேன்னா பஸ். நீயே பாத்துக்கோ."

"வாரத்துக்கு ரெண்டு தடவ என் சேலை செயின்ல மாட்டுது. சேலைக்கு ஒரு தொப்பி கொண்டாங்களேன்."

 அவரும் வேலைக்குச் சைக்கிளில்தான் போவார். உங்கள் தலைக்கு எங்கே என்று கேட்டேன். முடி கொட்டிவிடுமாம்! எனக்கு வந்த ஆத்திரத்தில், சரி, போட்டுத்தான் காட்டுவோமே என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் காலையில் கொண்டைக்கு மேல் அது உட்கார மறுத்தது. பானைமேல் தப்பு மூடியை வைத்த மாதிரி ஆடியது. கொண்டையை அவிழ்த்துப் பின்னல் போட்டு, வாரை இறுக்கிக்கொண்டு கிளம்பினேன். திரேஸ்புரத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மீன் கூடையோடு எதிரே வந்த ஒருத்தி, "ஏளா, தலையில என்ன சட்டி?" என்று நடுரோட்டில் நின்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். அடையாளம் தெரிந்ததும் உட்கார்ந்துகொண்டார்.

மானம் போனது போனதுதான். ஆனால் பத்தாம் நாளோ என்னவோ, ஒரு உப்பு லாரி பின்னாலிருந்து ஹார்ன் அடித்ததில் மிரண்டுபோய் வாய்க்கால் கல்லில் விழுந்தேன். முழங்கை கிழிந்தது, ஹெல்மெட்டில் ஒரு கீறல், தலைக்கு ஒன்றுமில்லை. மனுஷன் சொன்னது சரிதானே, நம்மேல் அன்பில்லாமலா கொண்டுவந்தார் என்று அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கப்புறம் முணுமுணுக்காமல் போட்டேன்.

வினை உப்பளத்தில் காத்திருந்தது. மஞ்சள் ஹெல்மெட் என்றால் ஹார்பர், ஹார்பர் என்றால் வேலை. அது ஊருக்கே தெரியும். உப்பளத்தில் வேலை பார்த்த, என் வயதுப் பெண் ஒருத்தி சைக்கிளை மறித்தாள்.

"அக்கா, எங்க அண்ணனுக்கு ஹார்பர்ல ஒரு வேலை போட்டுக் குடுங்க."

"நான் டீச்சர்மா."

"டீச்சர்னா குடைல்லா புடிப்பாவ?"

"சத்தியமா டீச்சர்தான்."

"வெளிய சொல்லக் கூடாதுன்னு உத்தரவாக்கும்," என்று அவளே ஒரு முடிவுக்கு வந்து, மனு ஒன்றை என் சைக்கிள் கூடையில் போட்டாள்.

நான் அதைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும். எங்கே! மனுவா அது, தலையும் இல்லை வாலும் இல்லை. இதைக் கொண்டுபோனால் அந்த அண்ணனைக் கேட்டில்கூட விடமாட்டார்களே என்று பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து ஒழுங்குபடுத்தினேன். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற பழக்கதோஷம், அடியில் சிவப்பு மையில் ஒரு டிக் போட்டுக் கையெழுத்தும் வைத்துவிட்டேன். சாயங்காலம் அதை வாங்கிப் பார்த்தவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எழுதிக் கொடுத்ததற்கு இவ்வளவு நன்றியா என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து என் கணவர் முகம் சிவக்க வீட்டுக்குள் வந்தார்.

"உன் கையெழுத்தோட ஒருத்தன் கேட்ல வந்து நிக்கான். லேடி இன்ஜினியர் சாங்ஷன் பண்ணிட்டாவ, எனக்கு எந்த இடத்துல வேலைன்னு கேக்கான். எந்த லேடி இன்ஜினியர்னு கேட்டா, மஞ்சத் தொப்பி, லேடீஸ் சைக்கிள்னு அடையாளம் சொல்லுதான். பெரிய இன்ஜினியர் என்னையில்லா திரும்பிப் பாக்காரு! ஹெல்மெட்ட நாளைக்கே கொண்டாரச் சொல்லிட்டாரு. இனி ஹெல்மெட்டும் வேண்டாம், சைக்கிளும் வேண்டாம். பஸ்ல போ."

"அப்ப என் தலை?"

"தலையாவது ஒண்ணாவது! இதப் போடச் சொன்னா நீ வெக்கப்பட்டு சைக்கிள விட்டுருவன்னு நெனச்சேன். டீச்சரம்மா சைக்கிள்ல போறான்னு ஆபீஸ்ல எல்லாரும் சிரிக்கானுவ. நீ என்னடான்னா மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்ட."

 வாய்க்காலில் விழுந்த அன்றைக்கு இவரை நினைத்துக் கண் கலங்கினேனே, அதை எண்ணித்தான் வயிறு எரிந்தது. என் தலைக்காகத் தலைக்கவசம் வேண்டுமா வேண்டாமா என்று என்னிடம் கேட்டிருந்தால், யோசித்து நானே போட்டிருப்பேன். அன்று இரவு அவருக்குச் சோறு போட்டேன், வார்த்தை போடவில்லை.

மறுநாள் அவர் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போனபின், வெறுந்தலையோடு சைக்கிளை எடுத்தேன். வீம்புதான். ஆனால் உள்ளுக்குள், இன்றைக்கு ஒரு நாள் போவோம், நாளையிலிருந்து பஸ்தான் என்று பாதி மனசு இறங்கிப்போயிருந்தது. தினம் தினம் வீட்டில் யார் சண்டை போடுவது?

உப்பளத்தில் அவள் நின்றாள். நானே இறங்கிச் சைக்கிளைச் சாய்த்து வைத்தேன்.

"அண்ணன்?"

"கேட்லயே விரட்டிட்டானுவ."

"என்னாலதாம்மா. நான் அந்தக் கையெழுத்தப் போட்டிருக்கக் கூடாது."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, தலையைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்தது.

"எங்களுக்குக் கையெழுத்துப் போட்டதுக்கு உங்க வேலையப் பறிச்சிட்டானுவளாக்கா?"

நான் டீச்சர் என்று மறுபடியும் சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. நடுரோட்டில், உப்பு லாரிக்காரன் பார்க்க, இல்லாத வேலைக்காக இரண்டு பேரும் அழுதோம். பிறகு அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சைக்கிளை நிமிர்த்தி என் கையில் கொடுத்தாள்.

"தொப்பியப் புடுங்குனா புடுங்கிட்டுப் போறானுவ. சைக்கிள மட்டும் எவன் கேட்டாலும் குடுத்துராதிய."