இரண்டு கரைக்கும் ஒரு கேசிங்

போர்நிறுத்தம் வந்து, சமாதானம் என்று சொல்லப்பட்ட அந்தச் சில வருடங்களின் கடைசிப் பகுதியில் நானும் என் நண்பனும் சேர்ந்து பாகம் பாகமாக ஒரு கம்ப்யூட்டர் பூட்டினோம். கேம் விளையாடுவதற்குத்தான். வேறு நல்ல நோக்கம் எதுவும் அதற்கு இருக்கவில்லை.

எங்கள் வீடு திருகோணமலை டவுனில், துறைமுகத்தை அண்டிய தெருவொன்றில். அவன் விரிகுடாவுக்கு அக்கரை, கிண்ணியாப் பக்கம், குறிஞ்சாக்கேணி. டவுனில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில்தான் பழக்கமானோம். வகுப்பு முடிந்ததும் பக்கத்துக் கடையில் இருந்து திரையில் கார் ஓட்டுவோம். ஹர்த்தால் என்றால் கடை பூட்டு. ஹர்த்தால் இல்லாத நாளில் கரண்ட் இல்லை. ஒருநாள் பூட்டிய கடை வாசலில் நின்றபடி அவன் சொன்னான்:

"நமக்கெண்டு ஒண்டு பூட்டுவம் மச்சான். ஒரு கிழமை உன்ட வீட்டில, ஒரு கிழமை என்ட வீட்டில."

பழைய மொனிட்டர் இரண்டு வீட்டிலும் ஒவ்வொன்று கிடந்தது; வாரா வாரம் பெட்டியை மட்டும் கரை மாற்றினால் போதும். கொழும்பில் கடை வைத்திருந்த அவனுடைய சாச்சா, பாவித்த மதர்போட் ஒன்றும் நல்ல கிராபிக்ஸ் கார்ட் ஒன்றும் கொடுத்துவிட்டார். அவற்றை உள்ளே வைத்துப் பூட்டும் கேசிங்கும், கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளையும்தான் மிச்சம். அவற்றைத் தெரிவு செய்யத்தான் எங்களுக்கு அதிக நாள் எடுத்தது.

மற்றவர்கள் கேசிங் வாங்கும்போது அழகைப் பார்ப்பார்கள். எங்களுடையது சைக்கிள் கரியரில் நிற்க வேண்டும். பாதையில் ஏற வேண்டும். அந்த நாளில் கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை; பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைதான் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி இறக்கும். அதற்கு முன்னால் ஆமிக்காரர் சோதனை போடும் சென்றி இருக்கும். அங்கே எதையும் திறந்து காட்டாமல் போக ஏலாது.

டவுனில் ஒரு கடைக்காரர் கறுப்பு நிறத்தில் ஒன்றை இறக்கி வைத்தார். பக்கத்தில் கண்ணாடி மாதிரி ஒரு யன்னல், உள்ளே நீல விளக்கு. எனக்கு அதைவிட்டுக் கண் எடுக்க முடியவில்லை. நண்பனும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். பிறகு பெருமூச்சு விட்டான்.

"வடிவாத்தான் இருக்கு. ஆனா இதக் கண்டா ஆமிக்காரன் பயந்திருவான் மச்சான்."

கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒரு சாதாரணக் கேசிங்கை எடுத்தோம். அதன் பக்கத் தகட்டைக் கையாலேயே திருகிக் கழற்றலாம். ஸ்குரூ டிரைவரையும் கொண்டுபோய் அதற்கு வேறு விளக்கம் சொல்லத் தேவையில்லை.

"பவர் சப்ளை உள்ளுக்கே இருக்கு தம்பி. அது கேசிங்கோட சும்மா வாறது," என்றார் கடைக்காரர்.

நண்பன் அதைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். "இதுக்குள்ள காத்துத்தான் இருக்கு," என்று திருப்பி வைத்தான். அவர்கள் ஊரில் பின்னேரமானால் வோல்டேஜ் இறங்கிவிடும்; டியூப் லைட்டே பற்றத் திணறும். கிராபிக்ஸ் கார்ட் வேறு கரண்டைக் குடிக்கிற சாதி. கூடினாலும் குறைந்தாலும் தாக்குப் பிடிக்கிற சப்ளைதான் வேண்டும் என்று சாச்சாவிடம் சொல்லிவிட்டான். கொழும்பிலிருந்து அது பஸ்ஸில் வந்தது. செங்கல்லைத் தூக்குவது போல இருந்தது.

"பாதையில கொண்டுபோற சாமானுக்கு இவ்வளவு பாரம் என்னத்துக்கடா?" என்று நான் சண்டை பிடித்தேன்.

"பாரத்த நான் தூக்குறன். நீ குடையப் புடி."

முதல் தடவை அதை உரச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோனபோது சென்றியில் நின்றவன் பின்னால் நகர்ந்தான். எங்களுடைய வயதுதான் அவனுக்கும் இருக்கும். சாக்கை நிலத்தில் வைத்து எங்களையே திறக்கச் சொன்னான். நண்பன் குந்தியிருந்து ஆணியைத் திருகித் தகட்டை எடுத்தான். பவர் சப்ளையிலிருந்து மஞ்சளும் சிவப்பும் கறுப்புமாக வயர்கள் கொத்தாய்த் தொங்கின. துப்பாக்கி முனை அவற்றுக்கு நேரே வந்தது. நண்பன் தனக்குத் தெரிந்த சிங்களத்தில், இது கேம் விளையாட, கார் ஓட்டுகிற கேம் என்று சொல்லி, இரண்டு கைகளாலும் இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்பிக் காட்டினான். அந்தப் பொடியன் துப்பாக்கியை இறக்கினான். பிறகு சிரித்துவிட்டான். அதன்பின் எங்களைக் காணும் போதெல்லாம் யார் வென்றது என்று கேட்பான்.

அப்படிச் சில மாதங்கள் போயின. அவன் வீட்டில் விளையாடும் நாட்களில் உம்மா மீன் பொரித்துத் தட்டோடு கொண்டுவந்து வைப்பா. வாப்பா கதவடியில் நின்று, "ரோட்டுல ஓட்ட வாகனமில்ல, இதுல ஓட்டுறானுகள்," என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போவார்.

பிறகு டவுனில் குண்டு வெடித்தது. கடைகள் எரிந்தன. சென்றியில் நின்ற பொடியனை எங்கேயோ மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவர்கள் எவரோடும் சிரிக்கவில்லை. அம்மா என்னைத் தெரு முனைக்குக்கூட விடவில்லை. அந்தக் கிழமை கம்ப்யூட்டர் அவன் வீட்டில் இருந்தது, அங்கேயே இருந்துவிட்டது. போனில் மட்டும் கதைத்தோம்.

விரிகுடாவின் தென் கரையில் இருக்கும் மூதூரில் ஆமிக்கும் இயக்கத்துக்கும் சண்டை மூண்டபோது அந்த ஊர்ச் சனம் கைக்குழந்தைகளோடு நடந்து கிண்ணியாப் பக்கம் வந்து சேர்ந்தது. அவன் வீட்டுக்குக் கிட்ட இருந்த பள்ளிக்கூடம் நிறைந்துவிட்டது. ஒருநாள் போன் எடுத்தான்.

"மச்சான், கோவிக்காத. பவர் சப்ளையக் கழட்டிட்டன்."

பள்ளிக்கூடத்து ஜெனரேட்டரின் கரண்ட் ஏறி இறங்கிப் போட்ட பல்புகளையெல்லாம் எரித்துவிட்டதாம். இவன் எங்கள் சப்ளையை நடுவில் கொடுத்து, அதிலிருந்து வயர் இழுத்துக் கார் பல்புகளைக் கட்டியிருக்கிறான். பிள்ளைபெற்ற பெண்கள் இருந்த வகுப்பறைக்கு வெளிச்சமும் ஒரு சின்ன ஃபேனும்.

"அதுவும் எரிஞ்சு போனா?" என்றேன்.

"எரியாது. நீ பாரமெண்டு பேசினியே, அந்தச் சாமான் நிண்டு புடிக்குது மச்சான்."

அவன் குரலை நான் கேட்டது அதுதான் கடைசி. ஜெனரேட்டருக்கு டீசல் எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் திரும்பி வரும் வழியில் ஷெல் விழுந்தது. அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் இரண்டு பக்கமும் மற்றப் பக்கத்தைக் காட்டின. சாச்சா கொழும்பிலிருந்து எனக்குச் சொல்லும்போது அடக்கம் செய்து முடிந்திருந்தது. அன்று பாதை ஓடவில்லை. எங்கள் தெரு முடிவில் போய் நின்றேன். அக்கரை ஒரு கோடு மாதிரித் தெரிந்தது. நேவிக்காரன் வந்து வீட்டுக்குப் போகச் சொல்லும் வரை நின்றேன்.

வழி திறந்ததும் போனேன். உம்மா என்னைக் கண்டதும் அறைக்குள் போய்விட்டா. உள்ளே அவ அழுவது கேட்டது. மேசையில் கேசிங் பக்கத் தகடு இல்லாமல் நின்றது. சப்ளை இருந்த இடத்தில் வெறும் சதுர ஓட்டை. வாப்பா கதிரையை இழுத்துப் போட்டார்.

"அது உங்கட பங்கும்தானே மகன். பள்ளிக்கூடத்தில சொல்லிக் கழட்டித் தரச் சொல்லவா?"

"வேண்டாம் வாப்பா. ஒருக்காப் பாத்திட்டு வாறன்."

அவரும் சட்டையை மாட்டிக்கொண்டு கூட வந்தார். வகுப்பறை மூலையில், மாணவர் மேசை ஒன்றின் மேல் அது இருந்தது. வயர்களின் முடிச்சுகளை அவன் சைக்கிள் டியூப் துண்டுகளால் இறுக்கிக் கட்டியிருந்தான். அதன் விசிறி மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. என்னை அறியாமல் கையை நீட்டினேன். பாயில் பிள்ளையைக் கிடத்தியிருந்த பெண் சத்தம் போட்டா.

"தம்பி, அதில கைய வைக்காதீங்க! அதக் கட்டின பொடியன் மௌத்தாப் போயிட்டான். பழுதானா இனி ஆரு வந்து செஞ்சு தாற?"

நான் வாப்பாவைப் பார்த்தேன். தான் யார் என்று அவர் சொல்லவில்லை. "ஓம் புள்ள, கை வைக்க மாட்டம்," என்றார். பிறகு அந்தப் பிள்ளைக்கு எத்தனை மாதம் என்று கேட்டார். பெயர் வைத்தாயிற்றா என்றும் கேட்டார். அவ சொன்ன எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு நின்றார். வெளியே வந்து மதில் பக்கம் திரும்பி நின்றபோதுதான் அவருடைய தோள்கள் குலுங்கின. எனக்கு அவரைத் தொடவும் தெரியவில்லை, தொடாமல் நிற்கவும் முடியவில்லை.

அந்தச் சனம் பிறகு ஊர் திரும்பிவிட்டது. சப்ளை யாரிடம் போனது என்று நான் விசாரிக்கவில்லை. வழி திறந்திருக்கும் காலங்களில் வாப்பாவிடம் போய்வந்தேன். வயலைப் பற்றி, மழையைப் பற்றிக் கதைப்போம். அவனைப் பற்றி அவராகத் தொடங்கினால்தான் உண்டு. அவர் தொடங்கவே இல்லை. ஒருமுறை போனபோது கேசிங் மேசையில் இருக்கவில்லை. உம்மா அதைத் துணியில் சுற்றி அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டா என்று அவர் சொன்னார். நான் சரி என்றேன்.