பஸரும் நகைக்கடையின் பெயரும்

வெள்ளவத்தை மண்டபத்தில் இன்று வினாடிவினாப் போட்டிக்கு ஒத்திகை. எந்த அணி முதலில் அழுத்தியது என்று காட்டும் பஸரைச் செய்துகொடுத்தவள் நான். உள்ளங்கையளவு கணினி, இரண்டு பொத்தான்கள், ஒரு சின்னத் திரை. வீட்டில் மில்லிசெக்கன் வித்தியாசத்தைக்கூடச் சரியாகப் பிடித்தது.

நேற்று போட்டியை நடத்தும் சங்கத்தின் செயலாளர் அண்ணா தொலைபேசியில் கோல் எடுத்தார்.

“தங்கச்சி, அனுசரணை தந்த நகைக்கடையின்ட பெயர் அந்தத் திரையில ஓடோணும்.”

ஓடவிட்டேன். அதுதான் நான் செய்த பிழை.

இன்று யார் முந்தி அழுத்தினாலும் திரையில் ‘சமன்’. மஞ்சள் அணிப் பிள்ளை முந்தியதை மண்டபமே கண்டது. பஸர் மட்டும் அதைக் காணவில்லை. “நான்தான் முதல்!” என்று அவள் அழத் தொடங்கிவிட்டாள்.

பெயரை நகர்த்தி வரையும் நேரத்தில் அந்தக் கணினி பொத்தான்களைப் பார்ப்பதில்லை. வரைந்து முடித்துப் பார்க்கும்போது இரண்டும் அழுத்தப்பட்டிருக்கும். இதை அண்ணாவிடம் மூன்று விதமாக விளங்கப்படுத்தினேன்.

“அப்ப பெயர் ஓடாம நிக்கட்டும் அண்ணா. எல்லாம் சரியாயிடும்.”

“ஓடாட்டி ஆர் தங்கச்சி பாப்பினம்?”

கொஞ்சம் யோசித்துவிட்டு முகம் மலரச் சொன்னார்:

“ஒரு பிள்ளை அழுத்தினா, மற்றப் பிள்ளையைக் கொஞ்சம் பொறுத்து அழுத்தச் சொல்லுவமோ?”

புரோகிராமை வேறு மாதிரி எழுதலாம் என்று எனக்கும் தெரியும்; இன்றிரவு அதைத்தான் எழுதப்போகிறேன். அதைச் சொல்ல யாரும் வரவேண்டாம். அண்ணாவுக்கு என்ன பதில் சொல்வது என்று மட்டும் சொல்லுங்கள்.