நான்கு மணிக்கு வந்த ஒரே செய்தி

எங்கள் ஊர் நகராட்சியில் மணி நான்கு ஆனால் எல்லோரும் கணினியை அணைத்து, மேசைக்கு அடியில் இருக்கும் மின்பலகையின் சுவிட்சையும் தட்டிவிட்டுத்தான் கிளம்புவார்கள். வீணாகக் கரண்ட் ஓடினால் பின்லாந்துக்காரனுக்குத் தூக்கம் வராது. ஆனால் கணினி அணைந்ததும், அதன் கேபிள் போய்ச் செருகியிருக்கும் துளை, அதாவது போர்ட், செத்துவிட்டதாக நகராட்சிக் கணினிகளைக் கவனிக்கும் என் தங்கை தைனாவின் கண்காணிப்பு சர்வர் எடுத்துக்கொள்ளும். உடனே அவளுக்கும், சாவிக்கொத்தோடு கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் எங்களுக்கும் ஒரு செய்தி வரும். முந்நூறு கணினி, முந்நூறு செய்தி. எழுத்தும் எண்ணும் சாய்கோடுமாக ஒன்றும் விளங்காது. மூன்று ஐம்பத்தைந்துக்கே போனின் வாயை அடைத்துவிடுவோம்.

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, நான்கு பத்துக்கு, முதியோர் இல்லத்தின் அழைப்புப் பெட்டி இணைப்பை இழந்தது. கையில் கட்டியிருக்கும் பொத்தானை முதியவர்கள் அழுத்தினால் செவிலியரைக் கூப்பிடுவது அந்தப் பெட்டிதான். குளியலறையில் வழுக்கி விழுந்த கலேர்வோ, பொத்தானை அழுத்தியபடியே ஏழு மணி வரை ஈரத்தரையில் கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. எச்சரிக்கை வராமல் இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டாவது செய்தியாக என் சட்டைப்பையில்தான் கிடந்தது.

தைனா யாரையும் குறை சொல்லவில்லை. "படிக்க முடியாததை அனுப்பிட்டு, ஏன் படிக்கலைன்னு கேக்க முடியுமா?" என்றாள். இனி அந்தப் பெட்டி விழுந்தால் யாராவது ஒருவர் அதைப் படித்தே ஆகவேண்டும். அன்றிலிருந்து அவளுக்கு அது ஒன்றுதான் வேலை.

நான் ஒன்பதாம் வகுப்போடு மர ஆலைக்குப் போய், பிறகு நகராட்சிச் சாவிக்கொத்துக்கு வந்தவன். அவள் படித்தவள். தெற்கே பெரிய கம்பெனிகள் கூப்பிட்டும் போகாமல் ஏரிக்கரை ஊருக்கே திரும்பி வந்தாள். பதினான்கு கட்டடங்களுக்கும் அவள் ஒருத்தி. அந்த வசந்தத்தில் அவள் கண்ணுக்குக் கீழே விழுந்த கருமை கோடையிலும் போகவில்லை. சர்வரின் பதிவுகளை வரி வரியாகப் பார்த்து, எதற்குச் செய்தி அனுப்பலாம் என்று அதற்கு விதி எழுதினாள். மேசைக் கணினியின் போர்ட் நான்கு மணிக்கு அணைந்தால் சர்வர் வாய் திறக்கக் கூடாது. முக்கியமான போர்ட் அணைந்தால் மனிதர் பேசுவதுபோல் சொல்ல வேண்டும்.

எந்தப் போர்ட் எந்த அறைக்குப் போகிறது என்ற அலுவலகப் பட்டியல் பழையது. என்னிடம் கட்டம் போட்ட நோட்டு இருந்தது. பதினைந்து வருடமாக, கேபிள்கள் வந்து சேரும் ஒவ்வொரு அலமாரியையும் திறந்து பென்சிலால் எழுதியது.

"அண்ணே, இது தங்கம்" என்றாள்.

"தங்கத்துக்குக் காப்பி வாங்கிக் குடு."

நோட்டிலிருந்த எண்களைச் சர்வரில் ஏற்றி, முதல் மாதிரிச் செய்தியை என் போனுக்கு அனுப்பினாள். நான் தலையாட்டவில்லை.

"இடத்தை முதல்ல போடு. குளிர்ல கையுறையோட நிக்கிறவன் முதல் வரியைத்தான் பாப்பான்."

"சரி. 'இரண்டாம் மாடி, நான்காம் அலமாரி.'"

"அப்படி யாரும் சொல்ல மாட்டாங்க. அந்த அலமாரி துணி அடுக்குற அறையிலதானே இருக்கு, துணி அறைன்னு போடு. அப்புறம், செத்துப்போச்சுன்னு சொன்னா போதுமா? நான் என்ன செய்யணும்?"

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "உன்னை வேலைக்கு வெச்சவங்க பாவம்" என்று சொல்லிக்கொண்டே திருத்தினாள்.

மே மாதக் கடைசியில் சோதனை. செவிலியர் லெம்பியிடம் சொல்லிவைத்தோம். பெட்டி வேலை செய்யாத நேரத்துக்கு அவர், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்த கலேர்வோவின் அறையில் நின்றுகொண்டார். சரியாக நான்கு மணிக்கு, ஊரே கணினியை அணைக்கும் நேரத்தில், துணி அறையில் நான் அழைப்புப் பெட்டியின் கேபிளை இழுத்தேன்.

போன் அசையவில்லை. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

"இழுத்தியா?" என்று அலுவலகத்திலிருந்து தைனா போனில் கேட்டாள்.

"கையிலதான் இருக்கு."

"எந்த போர்ட்ல இருந்து?"

குனிந்து பார்த்தேன். இருபத்தெட்டு. நோட்டில் இருபத்து மூன்று. ஏப்ரலில் சுவருக்கு வண்ணம் அடிக்க வந்தவர்களுக்கு இடம் கொடுக்க, நானே இந்தக் கேபிளை மாற்றிச் செருகியிருந்தேன். சாயங்காலம் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தது இப்போது நினைவுக்கு வந்தது. சர்வருக்கு இருபத்தெட்டு யாரோ ஒருவருடைய மேசைக் கணினி. நான்கு மணிக்கு அணைந்ததும், விதிப்படி அது வாய் திறக்கவில்லை.

"இருபத்தெட்டு. ஏப்ரல்ல மாத்தினது நான்தான்" என்றேன்.

"நல்லவேளை, இன்னைக்கே தெரிஞ்சுதே" என்றாள். விசைப்பலகைச் சத்தம் கேட்டது. "செருகிட்டு மறுபடி இழு."

இழுத்தேன். போன் அதிர்ந்தது. ஒரே ஒரு தடவை.

துணி அறை, முதியோர் இல்லம். அழைப்புப் பெட்டி வேலை செய்யவில்லை. முதலில் செவிலியரிடம் சொல், பிறகு கேபிளைப் பார்.

கேபிளைச் செருகிவிட்டு கலேர்வோவின் அறைக்குப் போனேன். அவர் பொத்தானை அழுத்தினார், லெம்பியின் போன் ஒலித்தது. "இப்பவாவது காது கேட்டுச்சே" என்றார் கிழவர்.

தைனாவிடம் சொல்ல போனைக் காதில் வைத்தேன். இணைப்பு இருந்தது. தூங்குகிறவளின் சீரான மூச்சு மட்டும் கேட்டது. நான் அவளை எழுப்பாமல் நோட்டை எடுத்து, இருபத்து மூன்றை அடித்துவிட்டு, பக்கத்தில் இருபத்தெட்டு என்று எழுதினேன். இந்தத் தடவை பேனாவால்.