பாதையைப் பெருக்கி வைத்தோம்

அதிகாரி எங்கள் பாதையைப் பார்க்க வந்த காலையில் எல்லோரும் இருந்தோம். அப்பா சலவை வேட்டி கட்டி நின்றார். அக்கா சுருட்டுக் கம்பெனியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். சைக்கிள் கடை பாய் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். குடியிருப்பின் இருபத்தேழு வீடுகளிலிருந்தும் நடக்க முடிந்தவர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். நிலத்து முதலாளியின் கணக்குப்பிள்ளை குடையோடு ஓரமாக நின்றார். முதலாளி மட்டும் வரவில்லை. அவர் வந்து செய்திருக்கக்கூடிய காரியத்தை நாங்களே அவருக்குச் செய்து கொடுத்தோம்.

அறுபதுகளின் தொடக்கம் அது. திருச்சிக்கு மேற்கே தில்லை நகர் மனை மனையாக எழும்பிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து மற்ற வயல்களிலும் கல் நடத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் குடியிருப்பு உய்யக்கொண்டான் வாய்க்காலுக்கும் வயலுக்கும் நடுவில் இருந்தது. வாசலில் இறங்கினால் வயலுக்குள் ஒரு பாதை. இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்க வேண்டும், அவ்வளவு அகலம். அதில் நேரே போனால் பத்து நிமிஷத்தில் உறையூர்ச் சாலை. பெண்கள் சுருட்டுச் சுற்றப் போனதும், ஆண்கள் மார்க்கெட்டுக்குப் போனதும், நான் பள்ளிக்கூடம் போனதும் அந்த வழியாகத்தான். பாதைக்கென்று பத்திரம் எதுவும் கிடையாது. நிலம் முழுவதும் ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவருடையது.

வேறு வழி இல்லாமல் இல்லை. வாய்க்கால் கரையோடு ஒன்றரை மைல் சுற்றிப் போய்ப் பெரிய ரோட்டில் ஏறலாம். மணப்பாறைச் சந்தைக்கு மாடு ஏற்றிப் போகும் லாரிகள் அந்த ரோட்டில்தான் ஓடின. அப்பாவுக்கு வலது கண் கிடையாது. வாழைக் கொல்லையில் சின்ன வயதில் குச்சி குத்திப் போனது. அவர் விடியற்காலையில் வாழை இலைக் கட்டுகளைச் சைக்கிள் கேரியரில் ஏற்றிக்கொண்டு காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குப் போய் வீடு வீடாகவும் ஓட்டல்களுக்கும் போட்டுவிட்டு வருவார். உறையூர்ச் சாலையில் வண்டிக்காரர்களுக்கெல்லாம் அவரைத் தெரியும், ஒதுங்கிப் போவார்கள். லாரிக்காரனுக்கு அவரை எப்படித் தெரியும்? ரோட்டில் வண்டி எல்லாம் வருவது வலது பக்கம். அந்தப் பக்கம்தான் அவருக்கு இருட்டு.

புதிய நகருக்கான பிளானை முனிசிபல் ஆபீஸ் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள் என்று பாய் வந்து சொன்னார். போய்ப் பார்த்தேன். ரோடுகள் முப்பதடி, பூங்கா, கிணறு எல்லாம் அழகாக வரைந்திருந்தார்கள். எல்லா ரோடுகளும் மற்ற மூன்று பக்கமும் திறந்தன. எங்கள் பக்கம் மட்டும் மனைகளின் முதுகு, ஒரே நேர்கோடாக. எங்கள் பாதையை விரலால் தேடினேன். அது இருந்த இடத்தில் நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று எண் போட்டிருந்தது. நான் தினம் நடந்த மண் அது.

எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு டைப் கற்றுக்கொண்டிருந்தேன். ஆட்சேபணை மனு நான்தான் எழுத வேண்டும் என்றார்கள். பாய் தன் கடை வாசலில் உட்கார்ந்து இரண்டு நாள் காலையில் பாதையில் போகிறவர்களை எண்ணினார். இருநூறு பேருக்குக் குறையாமல் நடக்கிறார்கள், அறுபது சைக்கிள் போகிறது என்றார். அதை அப்படியே டைப் அடித்து முதல் கையெழுத்தைப் போட்டேன். கீழே வரிசையாகக் கட்டைவிரல் ரேகைகள். அத்தனை ரேகைகளுக்கும் மேலே என் பெயர் தனியாக நின்றதைப் பார்த்தபோதே பயமாக இருந்தது.

பதில் இங்கிலீஷில் வந்தது. குறிப்பிட்ட காலையில் அதிகாரி இன்ஸ்பெக்ஷன் வருகிறார், பாதையின் போக்குவரத்தைப் பார்வையிடுவார் என்று இருந்தது. படித்துச் சொன்னேன்.

எனக்குத் தெரிந்த இன்ஸ்பெக்ஷன் ஒன்றுதான். பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வரும் நாளில் சுவருக்கு வெள்ளை அடிப்போம், முற்றத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளிப்போம், கையைக் கட்டி வரிசையில் நிற்போம். அவர் கேட்கும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது, நகரக்கூடாது. நன்றாக நின்ற வகுப்புக்கு நல்ல பெயர். அதைத்தான் எல்லோருக்கும் சொன்னேன். "ஆபீசர் வரப்ப மரியாதையா இருக்கணும். பாதை கண்ணாடி மாதிரி இருக்கணும்."

பாய்க்கு மட்டும் ஒரு சந்தேகம். "தம்பி, அவரு பாதையைப் பாக்க வராரா, பாதையில போறவங்களைப் பாக்க வராரா?"

"ரெண்டும்தான் பாய். நாம எல்லாரும்தான் அங்க இருப்போமே" என்றேன்.

"படிச்ச புள்ள சொல்லுது, சரியாத்தான் இருக்கும்" என்றார் அவர்.

முந்தின வாரம் மழை பெய்து பாதை சேறாகக் கிடந்தது. இரண்டு நாள் வேலை செய்தோம். பள்ளங்களில் செங்கல் தூளும் சாம்பலும் கொட்டி மிதித்தோம். இரண்டு ஓரமும் கல் பதித்துச் சுண்ணாம்பு அடித்தோம். நுழைகிற இடத்தில் அப்பா இரண்டு வாழைக் கன்று நட்டு மாவிலை கட்டினார். கடைசியில் பெண்கள் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பெருக்கிக்கொண்டே போனார்கள். அதற்குப் பிறகு யாரும் கால் வைக்கக்கூடாது, ஆபீசர்தான் முதலில் நடக்க வேண்டும், மற்றவர்கள் ஒருநாள் வரப்பில் சுற்றிப் போய்க்கொள்ளட்டும் என்று நான் உத்தரவு போட்டேன். உத்தரவு போட அன்றைக்கு எனக்குப் பிடித்திருந்தது.

அதிகாரி ஏழரை மணிக்கு வந்தார். நடுவயது, கெடுபிடி இல்லாதவர். கூட ஒரு பியூன். பாய் கடை நாற்காலியைப் போட்டோம். இளநீரைக் கையில் வாங்காமல், "அப்புறம் பாக்கலாம்" என்றார். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு பாதையைப் பார்த்தார். நாங்கள் அவரைப் பார்த்தோம். சைக்கிள்களை எல்லாம் கடைச் சுவரில் வரிசையாகச் சாய்த்துவைத்திருந்தோம். ஒருவரும் அசையவில்லை. தூரத்திலிருந்து பால்காரர் ஒருவர் சைக்கிளில் வந்தார். கூட்டத்தையும் நாற்காலியில் இருந்தவரையும் கண்டதும் இறங்கி, மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு வரப்பு வழியாகச் சுற்றிப் போனார். மரியாதை தெரிந்தவர் என்று அப்பா மெதுவாகச் சொன்னார்.

எட்டு மணி சுமாருக்கு நான் அந்த நோட்டை எட்டிப் பார்த்தேன். பக்கத்தின் நடுவே ஒரு கோடு. ஒரு பக்கம் நடப்பவர், இன்னொரு பக்கம் சைக்கிள் என்று தலைப்பு. கீழே ஒன்றும் இல்லை. வெறும் தாள்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அப்பாவைப் பார்த்து, "ஏறி ஓட்டுங்கப்பா" என்று சொல்லியிருந்தால் போதும். ஒருவர் போனால் பின்னாலேயே எல்லோரும் போயிருப்பார்கள். ஆனால் அதிகாரி என்னைக் கேட்கவில்லையே, கேட்காமல் எப்படிப் பேசுவது. கால் மணி நேரம் அப்படியே நின்றேன். அந்தக் கால் மணி நேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

பிறகு போய்ப் பக்கத்தில் நின்றேன். அவரே திரும்பினார்.

"நீங்கதான மனு எழுதினது? இருநூறு பேர் நடக்கிறாங்கன்னு போட்டிருக்கீங்க. எங்க அவங்க?"

"இவங்கதாங்க சார்" என்று கூட்டத்தைக் காட்டினேன்.

"இவங்க நிக்கிறாங்க. நடக்கலையே."

"நீங்க வந்திருக்கீங்கன்னு மரியாதைக்கு நிக்கிறாங்க சார். இப்ப நடக்கச் சொல்லிடறேன்."

"சொல்லி நடந்தா அது கணக்குல வராது தம்பி." எழுந்து போய்க் குனிந்து மண்ணைப் பார்த்தார். "சைக்கிள் தடம்கூட ஒண்ணையும் காணோமே."

"பெருக்கிட்டோம் சார்."

கணக்குப்பிள்ளை குடையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். "நல்லாப் பெருக்கியிருக்கீங்கப்பா. எங்க முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு உங்களைத்தான் கூப்பிடணும்."

அதிகாரி சிரிக்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. "நான் பாத்ததைத்தான் எழுத முடியும். நீங்க சொல்றது நிஜமாக்கூட இருக்கலாம். ஆனா மனுவுல தப்பான விவரம் குடுக்கக்கூடாது, தெரியுமில்ல?" என்றார். பத்து மணி வரை இருந்துவிட்டுப் போனார். இளநீர் அப்படியே இருந்தது.

அந்தக் கடைசி வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. தபால்காரர் மணி கேட்டால் வீட்டுக்குப் பின்னால் போய் நிற்பேன். போலீஸ் வரும், சர்க்கார் வேலைக்குப் போட்டிருந்த விண்ணப்பத்தைக் கிழித்துப்போடுவார்கள் என்றெல்லாம் நினைத்தேன். போலீஸ் வரவில்லை. உத்தரவுதான் வந்தது. குறிப்பிட்ட பாதையில் போக்குவரத்து எதுவும் காணப்படவில்லை, ஆட்சேபணை ஏற்கப்படவில்லை. நான் படித்துச் சொல்லி முடித்ததும் அக்கா, "பாதைக்குப் பொட்டு வெச்சு மாவிலை கட்டி நாமளே வழியனுப்பிட்டோம்" என்றாள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அடுத்த மாதமே முள்கம்பி வந்தது, பிறகு சுவர். பெண்கள் வாய்க்கால் கரையில் ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். அக்கா சுருட்டுக் கம்பெனிக்கு ஒரு மணி நேரம் முன்னால் கிளம்பினாள். அப்பா பெரிய ரோட்டில் ஏறினார்.

பாயிடம் வாடகைக்கு ஒரு சைக்கிள் எடுத்துக்கொண்டு தினமும் அப்பாவுடன் போனேன். அவருடைய வலது பக்கத்தில் ஒரு முழம் முன்னால் ஓட்டுவேன். பின்னால் லாரிச் சத்தம் கேட்டால், "வருதுப்பா, ஓரம்" என்பேன். "தெரியுதுடா, காதும் போயிடலை" என்பார். தெரியாது என்பது எனக்குத் தெரியும். ஹாரன் கேட்டால் அவர் தலையை முழுதாக வலப்பக்கம் திருப்பிப் பார்ப்பார். தலை திரும்பினால் ஹாண்டிலும் கூடவே திரும்பும். ஒவ்வொரு தடவையும் சைக்கிள் ரோட்டுக்குள் ஒரு சாண் போய்த் திரும்பும். அந்த ஒரு சாணுக்காக நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். ரைஸ்மில் திருப்பத்தில் எதிரும் புதிருமாக வண்டி வரும்போது என் கைவிரல்கள் பிரேக்கிலேயே இறுகிக்கிடக்கும். வீடு திரும்பிய பிறகும் நிமிரா.

ஒரு காலை அந்தத் திருப்பத்தில் மாடு ஏற்றிய லாரி ஒன்று ஹாரன் அடிக்காமல் வந்தது. நான் "ஓரம்" என்பதற்குள் அது எங்களைத் தாண்டியிருந்தது. பக்கவாட்டில் தொங்கிய கயிறு இலைக் கட்டில் மாட்டி இழுத்தது. அப்பா, சைக்கிள், இலை எல்லாம் ஒரே பச்சையாக ரோட்டில் சிதறியதைப் பார்த்தேன். எது அப்பா என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. லாரி நிற்கவில்லை. அவர் இலைகளுக்கு நடுவே உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இலைதானடா போச்சு. எதுக்கு அழுவுற?" என்றார்.

நான் அழுதுகொண்டிருந்தது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

அன்றே ஸ்ரீரங்கத்துக்குப் போனோம், அப்பா நொண்டிக்கொண்டு, நான் பிடித்துக்கொண்டு. சித்திரை வீதியில் முதலாளி வீடு. அப்பா பல வருஷமாக இலை போட்டுவந்த வீடுதான் அது. நிலம் அவருடையது என்று தெரிந்தும் பாதையைப் பற்றி ஒரு நாளும் அவரிடம் வாய் திறந்ததில்லை. இலை கொண்டுபோகிறவன் பின்கட்டு வழியாகப் போய் வருவான், அவ்வளவுதான். அன்றைக்கு வாசல் வழியாகப் போய் நின்றோம். இந்த முறை அவர் கேட்பதற்கு முன்பே பேசிவிட்டேன். சுவர், ரோடு, அப்பாவின் கண், லாரி எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன்.

அவர் அப்பாவின் முழங்காலைப் பார்த்தார். "ஏன்டாப்பா, இத்தனை நாளா இலை போடறே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பிளான் போடறச்சேயே விட்டிருப்பேனே. பெருமாள் சாட்சியாச் சொல்றேன், யாருமே சொல்லலை."

"சாமிகிட்ட எப்படிங்க சொல்றது" என்றார் அப்பா.

"இப்போ பிளான் பாஸாயிடுத்து. ரெண்டு மனைக்கு முன்பணமும் வாங்கிண்டாச்சு. நடுவுல ஆறடி ஒதுக்கணும்னா அவாளுக்கு நான் விலையில கழிச்சுத் தரணும். சும்மா தர முடியாது. விலைக்குன்னா எழுதித் தரேன்."

அவர் நல்லவரா, கெட்டிக்காரரா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தோம்.

இருபத்தேழு வீட்டிலும் போய்ப் பணம் கேட்டேன். மனு எழுதியபோது இருந்ததைவிட இப்போது பயம் அதிகம். முன்பு அவர்கள் ரேகை மட்டும்தான் வைத்தார்கள். ஆனால் ஒரு வீடுகூடக் கதவைச் சாத்தவில்லை. அக்கா கழுத்திலிருந்ததைக் கழற்றினாள். பாய் பழைய சைக்கிள்கள் இரண்டை விற்றார். "பெருக்குறதுக்கு முன்னாடி நான் இன்னும் ஒரு தடவை கேட்டிருக்கணும் தம்பி. என் பங்கும் இதுல இருக்கு" என்றார்.

பத்திரம் பதியும் நாளில் ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படித்தேன். பொது நடைபாதை, சைக்கிள் உட்பட, எக்காலத்துக்கும் என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று மூன்றாவது தடவையும் பார்த்தேன். எழுத்தர் எரிச்சலோடு, "எல்லாம் இருக்கு, போடுங்க" என்றார். அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். சுவரை இடித்து வழி விட்டார்கள். மறுநாள் அப்பா இலைக் கட்டோடு அதில் நுழைந்து நகரின் ரோட்டில் ஏறி, உறையூர்ச் சாலைக்குப் போனார்.

நூறு வருஷமாகச் சும்மா நடந்த மண்ணில் ஆறடி அகலம், எண்பதடி நீளம். பத்திரச் செலவும் சேர்த்து ஐந்நூற்று முப்பத்தேழு ரூபாய்.