கோபுரத்தின் சாவிக்காரி

எங்கள் ஊர் தீவின் உச்சியில் இருக்கிறது. கீழே படகிலிருந்து இறங்குகிறவர்கள் மூச்சு வாங்க ஏறி வந்து முதலில் கேட்பது என் நாத்தனாரைத்தான். கோட்டை வாசல், பாறையைக் குடைந்த தண்ணீர்த் தொட்டி, பழைய சிறை, எல்லாவற்றுக்கும் மேலே காவல் கோபுரம், எல்லாச் சாவியும் அவள் இடுப்பில்தான். எனக்கு அண்ணி, ஊருக்குச் சாவிக்காரி.

என் மாமனாருக்குக் கால் முடியாமல் போனபோது, கொஞ்ச நாள் பார்த்துக்கொள் என்று கொடுத்தாராம். அவரும் போய்விட்டார், அவளுக்குத் தலையும் நரைத்துவிட்டது, அந்தக் கொஞ்ச நாள் மட்டும் முடியவில்லை. முழங்கால் வீங்கிப்போய் ராத்திரி சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். வேறு ஆளைப் பாருங்கள் என்று ஊர்க் கமிட்டியிடம் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். பார்க்கலாம் என்பார்கள். யாரும் பார்த்ததில்லை.

கோபுரத்துக்குள் வருகிறவர்களோடு ஏற அவளால் முடியாது. அதனால் ஒரு வழி வைத்திருந்தாள். உள்ளே போகிறவர்கள் தொப்பியையோ பையையோ வாசல் ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். இறங்கி வந்ததும் எடுத்துக்கொள்வார்கள். ஆணிகள் காலியானால் ஆளில்லை என்று அர்த்தம், பூட்டிவிடுவாள்.

போன வாரம் ஒரு தம்பதி வந்தார்கள். பாதிப் படியிலேயே மனைவிக்குத் தலை சுற்றிவிட்டது. அந்த அம்மாள் இறங்கி வந்து, புருஷனுக்கு உதவியாக இருக்கட்டும் என்று அவர் தொப்பியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு காபிக் கடைக்குப் போய்விட்டாள். கல்லில் சாய்ந்தபடி கண்ணயர்ந்திருந்த அண்ணி எழுந்து ஆணிகளைப் பார்த்தாள். காலி. பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து காலை நீட்டினாள்.

அந்த மனிதர் மேலிருந்து கத்தியிருக்கிறார். இங்கே அடிக்கிற காற்றில் அது யார் காதில் விழும்? மனைவியோ கடைக்காரர் மனைவியோடு பேச்சு சுவாரசியத்தில், அவர் இன்னும் படம் பிடித்துக்கொண்டிருப்பதாக நினைத்திருக்கிறாள். படகு சங்கு ஊதிய பிறகுதான் தேடல் ஆரம்பித்தது. கதவைத் திறந்தபோது அவருக்குக் குரலே இல்லை.

மறுநாள் காலை கமிட்டி கூடியது. அண்ணிக்குத் துணையாக நானும் போய்க் கதவோரம் நின்றேன். போகும்போதே அவள் முகத்தில் ஒரு தெளிவு. இந்தத் தடவை வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள் என்று நம்பியிருந்தாள். சாவிக்கொத்தை எடுத்துத் தலைவர் முன்னால் மேஜையில் வைத்தாள்.

"தப்பு என்னோடதுதான். வேற ஆளைப் போட்டுக்குங்க."

தலைவர் காபிக் கடைக்காரரைப் பார்த்தார். அவர் தன் தொப்பையைத் தடவிக்கொண்டார். ரொட்டிக்காரர் தனக்கு மூச்சிரைப்பு என்றார். படகுக்காரர் தனக்குக் கீழேயே வேலை சரியாக இருக்கிறது என்றார். ஆளாளுக்கு ஒரு சாக்கு கையில் வைத்திருந்தார்கள்.

கடைசியில் தலைவர் சாவியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"போனது போகட்டும்க்கா. உன்மேல எங்களுக்குக் கோபமே கிடையாது."

"கொஞ்சமாவது கோபப்படுங்களேன்" என்றாள் அண்ணி.

எல்லாரும் சிரித்தார்கள். அவள் விளையாட்டாகச் சொல்வதாக நினைத்துவிட்டார்கள். கோபுரத்தில் மாட்டிக்கொண்ட மனிதர் நல்லவர், புகார் கொடுக்கவில்லை, மேலேயிருந்து பார்த்த கடலைப் போல எங்கேயும் பார்த்ததில்லை என்று சொன்னாராம். தலைவர் அதைச் சொல்லி அவளைத் தேற்றினார். அவள் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். படகு வருகிற நேரம்.

அன்று பொழுது சாய்ந்து திரும்பியவள் சாப்பிடாமல் படுத்தாள். இடுப்பில் சாவி குத்துமே, எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"விடும்மா. காலையில குனிஞ்சு எடுக்கணும். அதுக்கு இது தேவல."