தரவைக்கு வேலி கட்டியவன்

எனக்கு மறதி குறைவு. மன்னிப்பு அதைவிடக் குறைவு. என் தங்கையின் புருஷன் செத்துப் பல வருஷமாகிறது. செத்தவனைப் பற்றி நல்லதையே சொல்ல வேண்டும் என்பார்கள். சொல்கிறேன்: சோடா நன்றாகச் செய்வான். அவ்வளவுதான். மற்றதையெல்லாம் கீழே எழுதுகிறேன்.

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் வீடும் வளவும் வயலும் பெண்பிள்ளைக்குப் போகும். ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் உடுத்த வேட்டியோடு பெண்சாதி வீட்டுக்குப் போய்விட வேண்டும். நானும் அப்படிப் போனவன்தான், அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அம்மாவிடம் வாவிக்கரையில் ஒரு தரவை இருந்தது. வட்டையின், அதாவது வயல்வெளியின், கடைசி வரம்பைத் தாண்டினால் வரும் புல்வெளி. காலையில் மாடு மேயும், பின்னேரத்தில் நாங்கள் பந்து விளையாடுவோம். தங்கைக்கு அதைச் சீதனமாக எழுதிய அன்று, "விளையாடுற பொடியனுகள ஒருத்தரும் மறிக்கப்படாது, இப்பவே சொல்லிப்போட்டன்" என்று அம்மா சபையில் வைத்துச் சொன்னார். மாப்பிள்ளை பூம்பூம் மாடு மாதிரித் தலையை ஆட்டினான்.

இது இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்திய கதை. எங்கள் குழுவுக்கு அப்போது பெயர்கூட இல்லை. மிஷன் பள்ளியில் படித்த இரண்டு பேர் விளையாட்டைக் கொண்டுவந்தார்கள். மீதிப் பேர் வயல்காரரும் மீன்காரரும். முன்வரிசையில் ஓடுவதற்குக் காத்தான்குடியிலிருந்து ஒரு நெசவுக்காரன் சைக்கிளில் வருவான். அவன் காலில் பந்து பட்டால் மற்றவர்கள் நின்று பார்க்க வேண்டியதுதான். கோல்கீப்பர் வாவியில் வலை போடுகிறவன், என் சிறு வயதுக் கூட்டாளி. ஒரு தரம் எதிராளியின் காலுக்குள் விழுந்து பந்தைப் பிடித்ததில் அவனுடைய முன்பற்கள் மூன்று போய்விட்டன. பந்தை மட்டும் விடவில்லை. ஊரே அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனது. நான் கால் தடக்கி விழுகிற ஆள், அதனால் கரையில் நின்று கத்துகிற வேலை என்னுடையது.

மச்சான் முதலில் நல்ல மாதிரித்தான் வந்தான். புதுப் பந்து வாங்கித் தந்தான். பிறகு சட்டை தைத்துத் தந்தான். சட்டையின் முதுகில் அவனுடைய சோடாக் கொம்பனியின் பெயர் இருந்தது. நாங்கள் சிரித்துக்கொண்டே போட்டுக்கொண்டோம். பிறகு குழுவுக்கும் அதே பெயர் வந்தது. அப்போதாவது எங்களுக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

நான் பட்டணத்தில் ஓர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கிற வேலை பார்த்தேன். ஒரு நாள் காலையில் முதலாளி ஒரு கடுதாசியை என் மேசையில் வைத்து, "இதைக் கெதியா அடிச்சுக் குடு" என்றார். பந்தாட்டம் பார்க்க டிக்கட். தரை பத்துச் சதம், கதிரை ஐம்பது சதம். இடம்: எங்கள் தரவை. என் அம்மாவின் தரவைக்குள் போக என் ஊராருக்கு டிக்கட். அதை ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கிக் கோத்தவன் நான். ஓர் எழுத்தைத் தலைகீழாக வைத்து விடலாமா என்றுகூட யோசித்தேன். வயிற்றுப் பிழைப்பு, வைக்கவில்லை.

அந்தக் கிழமைக்குள் தரவையின் மூன்று பக்கமும் தென்னோலைக் கிடுகு வேலி எழும்பிவிட்டது. கொழும்பிலிருந்து பூட்ஸ் போட்ட நாலு பேரைச் சம்பளத்துக்குக் கொண்டுவந்தான். எங்கள் கோல்கீப்பரை நிற்பாட்டினான். நெசவுக்காரனை ஆட்டத்திலிருந்து கரைக்கு அனுப்பினான். முதல் ஆட்டத்தன்று கோல்கீப்பர் வெள்ளைச் சால்வை போட்டுக்கொண்டு, ஆட்டத்தைப் பார்க்கவென்று மட்டும் வந்தான். வேலி வாசல் படலையில் நின்ற சோடாக் கொம்பனி வேலையாள் அவனை மறித்தான்.

"டிக்கட் இரிக்கா?"

"என்னட்டயா கேக்காய்?"

சத்தம் கேட்டு மச்சான் உள்ளே இருந்து வந்தான். "எல்லாருக்கும் ஒரே சட்டம்தான். டிக்கட்ட எடுத்துப்போட்டு உள்ள வா."

"இந்தக் கோலுக்கு முன்னால பல்லக் குடுத்தவன் நான்."

"பல்லுக்கெல்லாம் டிக்கட் குடுக்க ஏலாது," என்றான் மச்சான். கதிரைக்காரர் இரண்டு பேர் சிரித்தார்கள். கோல்கீப்பர் சால்வையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நடந்தான். பின்னால் நின்ற நான் அந்த நிமிஷத்தில் ஒரு முடிவு எடுத்தேன்: தரவையை ஊருக்குத் திருப்பி எடுப்பது, மச்சானை ஊர் முன்னால் இதே மாதிரி வாய் பொத்த வைப்பது. எது முதல் என்று கேட்டிருந்தால் இரண்டாவது என்றுதான் சொல்லியிருப்பேன்.

நாலாவது பக்கம் வாவி, எங்கள் பேச்சில் ஆறு. தண்ணீருக்கு யார் வேலி கட்டுவது? அடுத்த ஆட்டத்துக்கு ஊரில் ஒருவரும் படலையால் போகவில்லை. போகிறவனைத் தோணியில் ஏற்றுவதில்லை, அவன் வீட்டுக்கு மீன் கொடுப்பதில்லை என்று துறையில் வைத்துக் கட்டுப்பாடு செய்தோம். தோணிகளையும் வள்ளங்களையும் விலாவோடு விலா சேர்த்துக் கட்டி, வாவியிலிருந்தே ஆட்டம் பார்த்தோம். பெண்கள் பிள்ளைகளோடு வந்தார்கள். கச்சான்கடலை விற்கிறவன்கூடத் தோணியில் வந்துவிட்டான். உள்ளே கதிரைகள் வெயில் காய்ந்தன. மச்சான் கரையோரத் தண்ணீரில் கம்பு நட்டுப் பாய்ச்சீலை கட்டி மறைத்தான். விடிந்தபோது கம்பும் இல்லை, சீலையும் இல்லை. மீன்காரர் வாவிக்குள் கம்பு நடுவதற்கு யாரையும் கேட்பதில்லை, பிடுங்குவதற்கும் கேட்பதில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். காசு வராவிட்டால் எந்த வியாபாரியும் கடையை மூடுவான். எனக்கு அது போதவில்லை. அவன் மூடுவதற்கு முன்னால் அழ வேண்டும்.

எங்கள் அம்மன் கோயிலில் கொம்பு விளையாட்டு என்று ஒன்று உண்டு. ஊர் வடசேரி, தென்சேரி என்று பிரிந்து, வளைந்த இரண்டு மரக்கொம்பைக் கொளுவி வடம் கட்டி இழுக்கும். யாருடைய கொம்பு முறிகிறதோ அந்தச் சேரி தோற்றது. வென்றவர்கள் தோற்றவர்களின் வாசலுக்கே போய் வசை பாடுவார்கள். வீட்டுப் பெண்களையும் இழுத்துப் பாடுவார்கள். அன்றைக்கு ஒருவரும் கோபிக்கக் கூடாது, அம்மன் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்குப் பாட்டுக் கட்டும் கை உண்டு. அப்படி ஒரு வசையை அடுத்த பெரிய ஆட்டத்தில் தோணிகளிலிருந்து பாடுவது என்று திட்டம் போட்டேன். அச்சுக்கூடத்தில் மிஞ்சிய டிக்கட் தாளின் பின்பக்கத்தில் என் வசையை நானே அடித்தேன்:

*சோடாப் போத்தலுக்குக் குண்டடைச்ச கையாலே*
*ஊர்த் தரவை வாசலுக்கும் ஓலை அடைச்சவனே*
*பெண்சாதி முற்றத்தில் பெட்டிக்கடை போட்டவனே*
*பந்துக்கு விலை சொன்னாய், பாயும் விலைக்கு உண்டோ?*
*களத்தை விற்ற கையாலே கட்டிலையும் விற்பாயோ?*
*கட்டினவள் தலைக்கு என்ன விலை கூறு!*

நெசவுக்காரன் தாளை வாங்கி வாசித்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "இஞ்ச பாரு, மத்ததெல்லாம் நல்லா இரிக்கி. கடைசி மூணு வரியையும் எடு. அது உன்ட தங்கச்சி."

"பொம்புளைய இழுக்காம வசை எங்க இரிக்கி?" என்றேன்.

"அது உங்கட கோயில்ல. இது ஆத்துல."

நான் எடுக்கவில்லை. தாள் அடித்தாகிவிட்டது, தவிர அந்த மூன்று வரிதான் பாட்டில் நல்ல வரிகள்.

பெரிய ஆட்டத்தன்று பட்டணத்துக் குழு வந்தது. துரைமார் வந்து கதிரையில் இருந்தார்கள். இரண்டாம் பாதி தொடங்கியதும் கோல்கீப்பர் தோணியின் முன்முனையில், அணியத்தில், ஏறி நின்று முதல் அடியை எடுத்தான். பல்லில்லாத வாயிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று நான் நினைக்கவில்லை. வாவி முழுவதும் திருப்பிப் பாடியது. விளையாடுகிறவர்கள் பந்தை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். மச்சான் பட்டு வேட்டியோடு தண்ணீருக்குள் இறங்கி, "டேய், வாய மூடுங்கடா!" என்று கத்திக்கொண்டு வந்தான். மூன்றாவது எட்டில் சேற்றில் கால் புதைந்து குப்புற விழுந்தான். எழும்பியபோது முகம் முழுக்கச் சேறு. இரண்டு கையாலும் வாயைத் துடைத்துக்கொண்டு நின்றான். துரைமார்கூடச் சிரித்தார்கள். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை, பொய் சொல்ல மாட்டேன்.

அப்போதுதான் தங்கையைக் கண்டேன். வேலிக்கு வெளியே, தண்ணீர் ஓரத்தில், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பாட்டு அவள் தலைக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தது. அவள் தோணி தோணியாகப் பார்த்து என்னைக் கண்டுபிடித்தாள். நான் பாடுவதை நிறுத்தவில்லை. அவள் திரும்பி வீட்டுக்குப் போனாள்.

அன்று பொழுதுபடுவதற்குள் மச்சானின் றங்குப்பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. போ என்று அவள் சொன்னால் போக வேண்டியதுதான். அவன் தன் தாய் வீட்டுக்குப் போனான், திரும்பி வரவே இல்லை. மறுநாள் ஊரே சேர்ந்து கிடுகு வேலியைப் பிய்த்து எறிந்தோம். மூன்றாம் நாள் காலை, நானும் கோல்கீப்பரும் நெசவுக்காரனும் வெற்றிலைத் தட்டோடு தங்கையிடம் போனோம். தரவையை முறைப்படி ஊருக்கு விட்டுத் தரும்படி கேட்க வேண்டும் என்பது எண்ணம். மறுக்க மாட்டாள் என்று நினைத்தேன்.

அவள் வீட்டில் இல்லை, தரவையில் நின்றாள். அங்கே இரண்டு சோடி மாடு உழுதுகொண்டிருந்தது. கோல்கம்புகளைப் பிடுங்கி ஓரத்தில் போட்டிருந்தாள்.

"என்ன வேல புள்ள இது?"

"மாரி வரப்போகுது, அண்ணன். விதைக்கிற வேல."

"இது விளையாடுற தரவை எல்லவா. அம்மா சபையில சொன்ன வார்த்தை."

"அவர் ஊர மறிச்சார், போகச் சொன்னன். அதை நீங்க பாடினதுக்காகச் செஞ்சன் எண்டு நினைக்காதீங்க." குரல் ஏறவில்லை. "கொம்பு முறிச்சுப் பாடினா அம்மன் கேப்பா, மறுகா குத்தத்தையும் அவ எடுப்பா. நீங்க ஆத்துல நிண்டு என்ட தலைக்கு விலை கேட்டீங்களே, அதை எந்த அம்மன் கேட்டா? சந்தைக்குப் போற பொம்புளையள் எல்லாம் பாடுறாளுகள். அவர் காசுக்கு வித்தார், நீங்க பாட்டுக்கு வித்தீங்க. ரெண்டு பேருக்கும் இனி இதில ஒரு அடி மண் இல்ல."

நெசவுக்காரன் வெற்றிலைத் தட்டை மெதுவாகக் கீழே வைத்தான். "தங்கச்சி சொல்றது சரி" என்று மட்டும் சொன்னான்.

முதல் மழை விழுந்ததும் அம்மாவிடம் சொல்லி அனுப்பினாள்: முதல் பிடி விதையை நான்தான் வந்து வீச வேண்டுமாம். எங்கள் வழக்கத்தில் அப்படி ஒன்று இல்லை. எனக்கென்று அவள் உண்டாக்கிய வழக்கம் அது. போகாவிட்டால் பிறகு அந்த வாசலில் எனக்கு முகமில்லை. போனேன். அவள் விதைநெல் கடகத்தை என் இடுப்பில் வைத்துவிட்டு, வரம்பில் நின்று பார்த்தாள். மச்சானை விழுத்திய அதே சேறு என் முழங்கால் வரைக்கும் ஏறியது. நான் ஒரு கோல் இருந்த இடத்திலிருந்து மற்றதை நோக்கி வீசிக்கொண்டு நடந்தேன்.

மற்றக் கோல் இருந்த இடத்தில் கோல்கீப்பர் நின்றுகொண்டிருந்தான். கம்பு இல்லை, பந்து இல்லை. அவன் வழக்கமாக நிற்கிற இடத்தில் அப்படியே நின்றான். எல்லாம் அவனுக்காகச் செய்தேன் என்றுதான் அதுவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

"தள்ளி நில்லு," என்றேன்.

அவன் அசையவில்லை. தங்கை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவன் காலடியிலும் நெல்லை வீசினேன்.