தொடைநடுங்கியின் இருக்கை

அந்தப் பறக்கும் சங்கத்தில் அவளுக்குத் தொடைநடுங்கி என்று பெயர் வைத்தவர்களே, தங்கள் குட்டி விமானத்தின் மூக்கில் சுழலும் புரொப்பல்லரை மாட்ட வேண்டும் என்றால் அவளைத்தான் தேடி வந்தார்கள். வேறு யார் மாட்டினாலும் அவர்களுக்குத் தூக்கம் வராது. கேலியும் செய்வார்கள், வேலையும் கொடுப்பார்கள். இரண்டையும் அவள் ஒரே முகத்தோடு வாங்கிக்கொள்வாள்.

பயம் அவளுக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. கல்யாணத்துக்கு முன்னால், ஆலைகளுக்குப் பெரிய மின்விசிறிகள் செய்யும் தொழிற்சாலையில் இறக்கைகளைச் சமன் பார்க்கும் வேலையில் இருந்தாள். ஒரு சோதனை ஓட்டத்தில் இறக்கை ஒன்று கழன்று, அவள் தலைக்கு ஒரு சாண் தள்ளித் தகரச் சுவரைக் கிழித்துக்கொண்டு வெளியே போய் விழுந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மேலாளர் தேநீர் வாங்கிக் கொடுத்து, மறுபடியும் வேலையில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தாள். ஆனால் அன்று வயிற்றில் கரைத்த புளி இன்றுவரை தெளியவில்லை. சுற்றுகிற எதைக் கண்டாலும், கழன்றால் எந்தப் பக்கம் வரும் என்றுதான் முதலில் பார்ப்பாள். வீட்டில் மிக்ஸியைப் போட்டுவிட்டுக்கூட ஓரமாகத் தள்ளித்தான் நிற்பாள்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷனோ, வாரம் முழுக்க ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்த்துவிட்டு விடுமுறை நாளில் ஆகாயத்தில் திரிகிற ஆள். இருவர் அருகருகே உட்காரும் விமானம் அவனுடையது. துணியும் அலுமினியக் குழாயும்தான் அதன் உடம்பு. அவன் மேலே போனால் இவள் கொட்டகை வாசலில் நின்று, இறங்கும்வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பாள்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. புரொப்பல்லரை மாட்டியவர் யாரோ, அவரே முதல் பறப்பில் பக்கத்து இருக்கையில் உட்கார வேண்டும். அந்த உரிமையை யாரும் மறுக்க முடியாது, அந்தக் கடமையிலிருந்து யாரும் நழுவவும் முடியாது. இவளுக்கு மட்டும் விலக்கு. முதன்முறை உட்கார்ந்தபோது, இன்ஜினைக் கிளப்புவதற்கு முன்பே மயங்கிச் சரிந்துவிட்டாள். அதிலிருந்து அவளுக்குப் பதிலாக அவள் எடைக்கு ஒரு மணல் மூட்டையை வைத்து வாரால் கட்டிவிடுவார்கள். சங்கத் தலைவராக இருந்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், அந்த மூட்டையிடம் டிக்கெட் எடுத்தாச்சா என்று ஒவ்வொரு தடவையும் தவறாமல் கேட்பார். ஒவ்வொரு தடவையும் எல்லோரும் தவறாமல் சிரிப்பார்கள்.

அன்று அவள் புருஷனின் விமானத்துக்குப் புதுப் புரொப்பல்லர். கார்பன் இழையால் ஆன மூன்று பிளேடுகள், கறுப்பாக, கைக்கு லேசாக இருந்தன. பிளேடின் அடிப்பகுதியை இரண்டு அலுமினிய வட்டங்களுக்கு நடுவே வைத்து போல்ட் போட்டு இறுக்க வேண்டும். இறுக்குவதற்கு முன் பிளேடை லேசாகத் திருப்பி, அது காற்றை எவ்வளவு சாய்வாக வெட்ட வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளலாம். சாய்வு கூடினால் இன்ஜின் திணறும்; குறைந்தால் இன்ஜின் கத்தும், விமானம் நகராது. மூன்றும் ஒரே சாய்வில் இல்லாவிட்டால் முழு விமானமும் உதறும்.

இன்ஜின் தவறிக் கிளம்பிவிடாதிருக்க, முதலில் அதன் பிளக் வயர்களைக் கழற்றி வைத்தாள். பிறகு கோணமானியை ஒவ்வொரு பிளேடிலும் ஒட்டுநாடா ஒட்டிய அதே இடத்தில் வைத்துப் பார்த்து மாட்டினாள். வயர்களைத் திரும்ப மாட்டி, விமானத்தின் வாலைக் கம்பத்தில் கட்டி ஓட்டிப் பார்த்தபோது இன்ஜின் கொஞ்சம் திணறியது. சாய்வைக் குறைக்க மூன்றையும் தளர்த்தி, அரை டிகிரி திருப்பி, போல்ட்டுகளைக் கையால் முடுக்கி வைத்தாள். பாக்கி இருந்தது கடைசி இறுக்கு மட்டும்தான். அதற்கு டார்க் ரெஞ்ச் வேண்டும். குறித்த அளவு வந்ததும் 'டக்' என்று சொல்லும் கருவி அது. குறைவாக இறுக்கினால் பிளேடு கழன்று பறக்கும். அதிகமாக இறுக்கினால் கார்பன் விரிசல் விடும். கை அளவுக்கு அங்கே வேலையே இல்லை. டக் சொன்ன போல்ட்டின் தலையிலிருந்து அலுமினிய வட்டம்வரை மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுப்பது அவள் வழக்கம்.

அந்த நேரம் பார்த்து மகள் போன் செய்தாள். கொட்டகைக்குள் சிக்னல் கிடைக்காது என்பதால் இவள் வாசல் கேட் வரை நடக்க வேண்டியிருந்தது. போய்க் கேட்டால், இஸ்திரிப் பெட்டி எங்கே என்கிறாள். எங்கே இருக்கும், அலமாரியில்தான்.

திரும்பி வந்தபோது, போல்ட்டுகளை மூடும் மூக்குக் கூம்பைப் பொருத்தி, திருகுகளையும் போட்டு முடித்திருந்தான் புருஷன். கட்டைவிரலில் மஞ்சள் பெயிண்ட். சாயங்காலக் காற்று கிளம்புவதற்குள் பறந்துவிடலாம், எல்லாம் முடித்துவிட்டேன் என்றான். மறுபடி கட்டி ஓட்டினார்கள். இன்ஜினின் வேகம் காட்டும் முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. தலைவர் கைதட்டினார்.

அவள் ரெஞ்சைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அளவு சைபரில் இருந்தது. வேலை முடிந்ததும் சைபருக்குத் தளர்த்தி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே ஸ்பிரிங் கெட்டுவிடும் என்று கல்யாணமான நாளிலிருந்து அவனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவன் ஒருநாளும் காதில் போட்டுக்கொண்டதில்லை. ஆக, இன்று முதன்முறையாகச் சொன்னபடி செய்திருக்கிறான், அல்லது ரெஞ்சைத் தொடவே இல்லை. 

"ரெஞ்ச் சைபர்ல இருக்கே?" என்றாள் மெதுவாக.

"நீதானே வைக்கச் சொல்லுவ. வச்சேன்." அவன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

கூம்பைக் கழற்றி ரெஞ்சை வைத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். ஆனால் போன மாதம் இதே இடத்தில் மூன்று தடவை கழற்றச் சொல்லி, மூன்று தடவையும் ஒன்றுமில்லாமல் போயிருந்தது. அவன் முகத்தில் ஈயாடவில்லை. அன்று வீட்டில் பெரிய சண்டை. உன் பயத்தைக் கழற்ற ஸ்பேனர் இல்லை என்றான். இனிமேல் நாலு பேர் முன்னால் கேட்க மாட்டேன் என்று இவளும் வாக்குக் கொடுத்துவிட்டாள். இத்தனை வருஷமாகப் பயந்து பயந்து, பயத்துக்கு இருந்த மதிப்பையெல்லாம் தானே செலவழித்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. இப்போது கத்தினாலும் சிரிப்பார்கள்.

அவன் ஏறி உட்கார்ந்து வாரை மாட்டினான். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு கால் மட்டும் ஓடியது. மறுபக்கம் போய், மணல் மூட்டையின் வாரை அவிழ்த்து, அதைக் கீழே இழுத்துப் போட்டாள். ஏறி உட்கார்ந்தாள்.

தலைவர் மூட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். டிக்கெட் கேட்கவில்லை.

"என்ன பண்ற?" என்றான் புருஷன்.

"மாட்டினது நான்தானே. நான்தான் உக்காரணும்."

"மயக்கம் போட்டுடுவ."

"போட்டா போடுறேன். கிளப்புங்க."

 முகத்துக்கு நேரே மூன்று கறுப்புப் பிளேடுகள். கழன்றால் எந்தப் பக்கம் வரும் என்று பார்த்தாள். இரண்டு பக்கமும் வரும். வாரை மாட்டப் பார்த்தாள். விரல் நடுக்கத்தில் கொக்கி உள்ளே போக மறுத்தது. அவன் கைநீட்டி மாட்டிவிட்டான். மாட்டிய கை அப்படியே கொக்கியின் மேல் நின்றது. மற்றொரு கை சாவியில் இருந்தது, திருப்பவில்லை.

காற்று கிளம்பிவிட்டது. இறக்கைத் துணி படபடத்தது. அவன் மூக்குக் கூம்பைப் பார்த்தான். பிறகு சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"இறங்கு," என்றான்.

"ஏன்?"

"கையாலதான் இறுக்கினேன். ரெஞ்ச் வைக்கல. கோடு மட்டும் போட்டேன்." குரல் அடியோடு இறங்கிவிட்டது. "சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வந்து பார்த்துக்கலாம்னு நெனச்சேன்."

அவளுக்கு முதலில் வந்தது கோபம்கூட இல்லை, அழுகை. "நான் உக்காந்ததும் உங்களுக்குப் பயம் வருது. நீங்க மட்டும் போறப்ப வரலையா? நீங்க மட்டும் மணல் மூட்டையா?"



எல்லோரும் பார்த்திருக்க, இந்தத் தடவை அவனே கூம்பைக் கழற்றினான். அவள் ரெஞ்சை வைத்தாள். முதல் போல்ட் கால் சுற்றுக்குமேல் போன பிறகுதான் டக் என்றது. மூன்றாவது பிளேடின் போல்ட் ஒன்று ஏறக்குறைய முக்கால் சுற்றுப் போனது. போல்ட் தலையிலிருந்த மஞ்சள் கோடும் வட்டத்திலிருந்த கோடும் விலகி நின்றன. தலைவர் எட்டிப் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை.

பழைய கோடுகளைத் துடைத்துப் புதுக்கோடுகள் இழுத்தாள். கோணத்தை மறுபடி பார்த்தாள். கூம்பை மூடி, மறுபடி கட்டி ஓட்டினார்கள். முள் அதே இடத்தில் நின்றது. காற்றும் கொஞ்சம் அடங்கியிருந்தது.

அவன் மணல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, இருக்கையில் அவள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். கண்களை இறுக மூடியிருந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"என்னை இறங்கச் சொல்றீங்களா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

அவன் யோசித்தான். ஒவ்வொரு போல்ட்டாக யோசித்தான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"இல்ல," என்றான்.

"அப்போ கிளப்புங்க."